உடற்காவல் மீளும் விதம்

நோய்க்கு மருந்து உண்டால் நோய் தணியவேண்டும், உடல் தேறவேண்டும். இது நாம் எல்லோரும் எதிர்பார்ப்பது. ஆனால், எச்.ஐ.வி. என்னும் கிருமிக்கு மருந்து உண்ணத் தொடங்கியவர்களுள் சிலருக்கு, முதற்சில வாரங்களில் இந்த எதிர்பார்ப்பு பொய்த்துவிட்டதாகத் தோன்றுகிறது. மருந்து தொடங்குமுன் எழுந்து நடமாடி, வேலைக்கும் போய் வந்தவர், தொடங்கிய மூன்றாவது வாரத்தில் காய்ச்சலோடு படுக்கிறார். கழுத்தில் நெறி கட்டுகிறது, இருமல் பெருகுகிறது. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இதுதான் என்னை வீழ்த்துகிறது" என்று முடிவு கட்டி, அவர் அதை நிறுத்திவிடுகிறார். பிறந்த ஊரை விட்டு, வேற்று மொழி வழங்கும் நகரில் பிழைப்பவராயின், அருகிலிருந்து நல்வார்த்தை சொல்லித் தடுப்பவரும் இல்லை.

உண்மை யாதெனில், அந்தக் காய்ச்சல் பல வேளைகளில் மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டதன் அடையாளமாகும். சோர்ந்து கிடந்த உடற்காவல் விழித்தெழுந்து, உள்ளே ஒளிந்திருந்த வேறொரு பகையைக் கண்டு தாக்குவதால் எழும் கொந்தளிப்பு அது. இதை அறிந்தவர் மருத்துவரிடம் விரைகிறார், பிழைக்கிறார். அறியாதவர் மருந்தை எறிகிறார். இருந்த காவலையும் இழக்கிறார். ஆகவே, மருந்து தொடங்கியபின் உடலின் காவல் எவ்வாறு மீள்கிறது, மீளும்போது சில வேளை ஏன் துன்பம் நேர்கிறது என்பதை நேயர்கள் தெரிந்துகொள்வது நலம்.

நம் ரத்தத்தில் செவ்வணுக்களோடு வெள்ளணுக்களும் ஓடுகின்றன. வெள்ளணுக்களிலே பல வகை உண்டு. சில, உட்புகுந்த கிருமியை விழுங்குபவை; சில, கிருமிக்கு எதிரான பொருள்களைச் செய்து ரத்தத்தில் விடுபவை; சில, கிருமி குடியேறிய அணுவையே கொன்று தீர்ப்பவை. இவை யாவற்றையும் ஏவி நடத்தும் வகை ஒன்றும் உண்டு. அதன் மேற்பரப்பில் சி.டி. 4 எனப் பெயரிட்ட புரதம் ஒன்று இருப்பதால், அதனைச் சி.டி. 4 அணு என்கிறார்கள். தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், முன்னே நின்று குரல் கொடுப்பவர் இல்லையேல் தேர் நகராது. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வலிமை வீணாகும். சி.டி. 4 அணுக்கள் அவ்வாறு குரல் கொடுப்பவை. அவை குறைந்தால், மற்ற அணுக்கள் இருந்தும் உடற்காவல் செயலற்றுப் போகிறது.

நலமுடைய ஒருவர் ரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்கு 500 முதல் 1,500 வரை இவ்வணுக்கள் இருக்கும். எச்.ஐ.வி. கிருமி இந்த சி.டி. 4 புரதத்தையே கதவாகக் கொண்டு அணுவுக்குள் புகுகிறது. புகுந்தபின், தன் மரபுச் செய்தியை அணுவின் மரபுப் பொருளோடு தைத்துவிட்டு, அந்த அணுவைத் தன்னைப் படைக்கும் பட்டறையாக மாற்றுகிறது. மருந்தில்லாத ஒருவர் உடலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கோடிக் கிருமிகள் உண்டாகின்றன என்று 1990களில் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். உடலும் வாளாவிருப்பதில்லை, இழந்த அணுக்களுக்கு ஈடாகப் புதியன படைத்துக்கொண்டே இருக்கிறது. ஆயினும் வரவைவிடச் செலவு மிகுவதால், கையிருப்பு ஆண்டுதோறும் குறைகிறது. மருந்தில்லாமல் எட்டுப் பத்து ஆண்டுகள் கழிந்தபின் பலருக்கு எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்நிலையில், நலமுடையோரிடம் தலை காட்டாத நோய்கள் எல்லாம் படையெடுத்து வருகின்றன. காசநோய், ஒரு வகை நுரையீரல் அழற்சி, மூளையுறையைத் தாக்கும் பூஞ்சை, வாயிலும் தொண்டையிலும் வெண்படலமாகப் படியும் பூஞ்சை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இந்நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர்.

இந்நோய் பற்றிய முதற்செய்தி 1981இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொன்டாஞே ஆகியோர் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார்கள். அதற்காக அவர்களுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் இக்கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ஆவர். அது 1986ஆம் ஆண்டு. அவர்கள் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இன்று நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்கிறார்கள்.

முதல் மருந்து 1987இல் வழக்கத்துக்கு வந்தது. ஒரே மருந்தைத் தனியே கொடுத்தபோது, நோயாளி சில மாதம் தேறினார். பின்னர் மருந்து பயனற்றுப் போயிற்று. கிருமி உருமாறி மருந்துக்கு அடங்காமல் பழகிக்கொண்டது. காசநோயிலும் இதே பாடத்தை 1940களின் இறுதியில் மருத்துவ உலகம் கற்றிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தால் கிருமி பழகிவிடும். வேறு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் தப்ப வழியிராது. அதுபோலவே 1996 முதல் எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவிற்று. மரண எண்ணிக்கை வெகு விரைவாகச் சரிந்தது. ஆனால் விலையோ ஏழை எளியவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 2001இல் பம்பாயைச் சேர்ந்த சிப்லா கம்பெனி, நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் மூன்று மருந்துகளையும் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் முதல் தேதியன்று இந்திய அரசு இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கி, நாளுக்கு ஒரு வேளை உண்ணும்படி கிடைக்கின்றன.

இம்மருந்துகள் என்ன செய்கின்றன? கிருமி புதிய அணுக்களுக்குள் குடியேறுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே கிருமி புகுந்த அணுக்களுள் பெரும்பாலானவை சில நாட்களில் தாமே மடிந்துவிடும். புதுக் குடியேற்றம் நின்று, பழையவை மடிவதால், ரத்தத்தில் கிருமியின் அளவு மளமளவென்று குறைகிறது. மருந்தை ஒழுங்காக உண்பவருக்கு ஆறு மாதங்களுக்குள், சோதனைக்கும் தென்படாத அளவுக்கு அது தாழ்ந்துவிடுகிறது. எனினும், சில அணுக்கள் கிருமியின் செய்தியைத் தம்முள் தாங்கியபடி பல ஆண்டுகள் உறங்குகின்றன. மருந்து அவற்றைத் தொடுவதில்லை. மருந்தை நிறுத்தினால், அவை விழித்துச் சில வாரங்களில் பழைய நிலையைக் கொண்டுவந்துவிடும். வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ணவேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி, காவல் மீளும் வரலாற்றைக் காண்போம். அது இரண்டு கட்டமாக நிகழ்கிறது. முதற்கட்டம் விரைவானது. மருந்து தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களில் சி.டி. 4 எண்ணிக்கை சட்டென்று ஏறுகிறது. இவை யாவும் புதிதாகப் பிறந்த அணுக்கள் அல்ல. உடலில் உள்ள இவ்வகை அணுக்களில் நூற்றுக்கு இரண்டு பங்கே ரத்தத்தில் ஓடுகின்றன. எஞ்சியவை நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் பிற திசுக்களிலும் தங்கியிருக்கின்றன. கிருமி பெருகியிருந்த காலத்தில் அதனோடு போராடி இந்தக் கணுக்களிலே சிக்கிக் கிடந்த அணுக்கள், போர் ஓய்ந்ததும் விடுபட்டு ரத்தத்துக்குத் திரும்புகின்றன. இவை பெரும்பாலும் முன்பு ஏதேனும் ஒரு கிருமியைச் சந்தித்து, அதன் நினைவைத் தாங்கியிருப்பவை. அனுபவம் பெற்ற பழைய அணுக்கள் எனலாம். இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முதலில் சொன்ன காய்ச்சலின் மர்மம் இதிலேதான் அடங்கியிருக்கிறது.

இரண்டாங்கட்டம் மெதுவானது, ஆண்டுக் கணக்கில் நீள்வது. மார்பெலும்புக்குப் பின்னே, இதயத்துக்கு மேலாகத் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இளம் அணுக்கள் அங்கே சென்று பயிற்சி பெற்று, எந்தக் கிருமியையும் இதுவரை சந்தியாத புதிய காவலர்களாக வெளிவருகின்றன. இப்புதியவர்கள் பெருகினால்தான், உடல் முன்பின் அறியாத பகையையும் எதிர்க்கும் ஆற்றல் பெறும். தைமஸ் குழந்தைப் பருவத்தில் பெரிதாயிருந்து, வயது ஏற ஏறச் சுருங்கும் இயல்புடையது. அதனால் இளைஞர்களுக்கு மீட்சி விரைவாகவும், ஐம்பதைக் கடந்தவர்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் அமைகிறது.

எண்ணிக்கையில் சொல்வதானால், முதலாண்டில் 50 முதல் 150 வரை ஏறுவது திருப்தியான மீட்சி. அதற்குப்பின் ஆண்டுதோறும் சராசரியாக 50 முதல் 100 வரை கூடி, பின்னர் ஒரு நிலையில் நின்றுவிடும். ஆகவே, 60 என்ற எண்ணிக்கையோடு மருந்து தொடங்கியவர், அடுத்த ஆண்டே 600ஐ எதிர்பார்த்து மனம் உடையலாகாது. அவர் பல ஆண்டுகள் பொறுத்திருக்கவேண்டும். இதற்கிடையில் இன்னொன்றையும் அறியவேண்டும். இந்த எண்ணிக்கை ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும்கூட மாறும். சளி, காய்ச்சல் வந்தாலும் மாறும். ஒரு முறை 20, 30 குறைந்தது என்று கலங்க வேண்டியதில்லை. பல மாதப் போக்கையே பார்க்கவேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதை நேராகக் காட்டுவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவைக் காணும் சோதனையே.

சிலருக்குக் கிருமி முற்றிலும் அடங்கியும், அணுக்களின் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு ஏறுவதில்லை. மருந்து தொடங்கியபோது எண்ணிக்கை மிகவும் தாழ்ந்திருந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது நேரக்கூடும். நெடுநாள் நோயினால் நிணநீர்க் கணுக்களில் தழும்பு விழுந்து, அணுக்கள் தங்கி வளர இடமில்லாமல் போவது ஒரு காரணம். குடலும் ஒரு காரணம். கிருமி தொற்றிய சில வாரங்களிலேயே குடற்சுவரில் உள்ள சி.டி. 4 அணுக்கள் பெருமளவில் அழிந்துவிடுகின்றன. அந்தச் சேதம் ரத்தத்தில் தோன்றுவதைவிட மெதுவாகவே ஆறுகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, உடற்காவலை ஓயாமல் உறுத்திக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்டவர்கள் மருந்தினால் பயனில்லை என்று நினைக்கக் கூடாது. எண்ணிக்கை குறைவாயிருந்தாலும், கிருமி அடங்கியிருப்பதே பெரிய பாதுகாப்பு.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. மருந்தை முன்னதாகத் தொடங்க வேண்டும். முன்காலத்தில், எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கும்வரை காத்திருப்பது வழக்கமாயிருந்தது. 35 நாடுகளில் 4,685 பேரைக் கொண்டு நடந்த 'ஸ்டார்ட்' என்னும் ஆராய்ச்சி 2015இல் இதைத் தீர்த்துவைத்தது. எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ நேரும் ஆபத்து, காத்திருந்தவர்களைவிட 57 சதவீதம் குறைவாயிருந்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், எண்ணிக்கை எதுவாயினும் எல்லோருக்கும் உடனே மருந்து என்று பரிந்துரைத்தது. இந்தியா 2017 முதல் இதைப் பின்பற்றி வருகிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன காய்ச்சலுக்கு வருவோம். நம் நாட்டில் காசநோய்க் கிருமி பலருடைய உடலில் ஓசையின்றி உறைந்திருக்கிறது. சி.டி. 4 எண்ணிக்கை 50, 60 என்று தாழ்ந்துபோனவரின் நுரையீரலில் அக்கிருமி பெருகிக்கொண்டிருந்தாலும், அதைத் தாக்க ஆளில்லை. தாக்குதல் இல்லையென்றால் வீக்கமும் இல்லை, சீழும் இல்லை, கடுங்காய்ச்சலும் இல்லை. காய்ச்சலும் வீக்கமும் கிருமி நேராகச் செய்வன அல்ல. பெரும்பாலும் உடற்காவல் கிருமியோடு போரிடுவதால் உண்டாவன. இப்பொழுது மருந்து தொடங்குகிறது. முதற்கட்டத்தில், காசநோயை நினைவில் வைத்திருக்கும் பழைய அணுக்கள் கூட்டமாக ரத்தத்துக்குத் திரும்புகின்றன. திரும்பியவை எங்கும் கிருமியைக் காண்கின்றன; ஒருமிக்கத் தாக்குகின்றன. கணுக்கள் வீங்குகின்றன, காய்ச்சல் கொதிக்கிறது, எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முன்னைவிட மோசமாகத் தெரிகிறது. இக்கொந்தளிப்பை மருத்துவர்கள் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஐரிஸ்' என்று அழைக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள் 1992ஆம் ஆண்டிலேயே, மருந்து உண்ட சில நோயாளிகளிடம் இதன் சாயலைக் கண்டு எழுதினார்கள். கூட்டு மருந்து வந்தபின் இது பரவலாகத் தெரியவந்தது. தொழுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடமும், இடைநடுவே தோலும் நரம்பும் வீங்கிச் சிவக்கும் கொந்தளிப்பு உண்டென்பதை நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்தது.

ஐரிஸ் இரண்டு விதமாக வரும். முதல் விதத்தில், நோயாளிக்குக் காசநோய் இருப்பது முன்பே தெரியும். அதற்கு மருந்து உண்டு தேறியும் வருகிறார். எச்.ஐ.வி. மருந்து சேர்ந்ததும், தேறியவர் மீண்டும் நலிகிறார். இரண்டாம் விதத்தில், காசநோய் இருப்பதே தெரியாது. எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய சில வாரங்களில் அது முதன்முதலாக வெளிப்படுகிறது. இரண்டும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்வன. எண்ணிக்கை மிகத் தாழ்ந்திருந்தவர்களுக்கும், ரத்தத்தில் கிருமி மிகுந்திருந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். முன்னதாக மருந்து தொடங்குவோரிடம் இது அரிது.

அப்படியானால், காசநோய் முழுதும் குணமான பிறகே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கினால் இத்தொல்லை இராதே என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கம்போடியாவில் 661 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். காசநோய் மருந்து தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஒரு சாராருக்கும், எட்டாவது வாரத்தில் மற்றொரு சாராருக்கும் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கப்பட்டது. இரு சாராரும் ஏறக்குறைய சம எண்ணிக்கையினர். முன்னதாகத் தொடங்கியவர்களிடம் ஐரிஸ் கொந்தளிப்பு அதிகமாகவே வந்தது. ஆனால் அவர்களுள் இறந்தவர்கள் 59 பேர். தாமதமாகத் தொடங்கியவர்களுள் இறந்தவர்கள் 90 பேர். கொந்தளிப்பை அஞ்சிக் காத்திருப்பது, கொந்தளிப்பைவிடக் கொடியது என்பது இதனால் விளங்குகிறது.

இதற்கு விலக்கும் உண்டு. மூளையுறையில் நோய் இருந்தால் கணக்கு மாறிவிடும். கழுத்தில் உள்ள கணு வீங்கினால் தோல் நெகிழ்ந்து கொடுக்கும். மண்டையோடு நெகிழ்ந்து கொடுப்பதில்லை. உள்ளே வீக்கம் மிகுந்தால் மூளை நசுங்கும். கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை மூளையுறையைத் தாக்கியவர்களிடம் உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2014இல் வெளியாயிற்று. இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்து தொடங்கியவர்களுள் ஆறு மாதத்தில் 45 சதவீதத்தினர் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களுள் இறந்தோர் 30 சதவீதமே. ஆகையால், மூளையுறைக் காசநோயிலும் இப்பூஞ்சையிலும் சில வாரம் பொறுத்திருந்து தொடங்குவதே இன்றைய முறை. "உடனே மருந்து கொடுக்காமல் டாக்டர் இழுத்தடிக்கிறார்" என்று இந்நிலையில் வருந்துவது தவறு.

வேறு சில நோய்களும் இக்காலத்தில் தலைதூக்கலாம். உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் எழுந்து எரியும் அக்கி, முதல் மாதங்களில் வரக்கூடியது. அக்கி எழுதிக்கொண்டால் போதும் என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. கண் மங்குதல், தீராத தலைவலி, வாந்தி, மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது வந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

முதல் மாதங்களில் வரும் காய்ச்சல் யாவும் ஐரிஸ் ஆகிவிடாது. மருந்தின் ஒவ்வாமையாக இருக்கலாம். மருந்துக்கு அடங்காத காசநோயாக இருக்கலாம். மலேரியாவோ டெங்குவோ ஆகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் பொறுப்பு. ஐரிஸ் என்று உறுதிப்பட்டால், பெரும்பாலும் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்துவதில்லை. மூல நோய்க்குரிய மருந்தைச் சரியாகக் கொடுத்து, வேண்டியபோது பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தால் வீக்கத்தைத் தணிக்கிறார்கள். ஆபத்து மிகுந்தவர்களுக்கு முதல் நான்கு வாரம் இவ்வகை மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது, காசநோய் ஐரிஸ் 47 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைந்தது என்று தென்னாப்பிரிக்க ஆராய்ச்சி ஒன்று 2018இல் காட்டியது. ஆனால் ஸ்டீராய்டு இருபுறமும் கூருள்ள கத்தி. அது உடற்காவலையே அடக்குவது. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி உண்பது பெருந்தீங்காய் முடியும்.

இத்தனையும் அறிந்தபின், மருந்து தொடங்குவோர் செய்யவேண்டியவை சில. தொடங்குமுன், இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை இவற்றுள் எது இருந்தாலும் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மறைந்துள்ள காசநோயை முன்னதாகக் கண்டுபிடிக்க அது உதவும். எண்ணிக்கை குறைந்தவர்களுக்குக் கோட்ரைமாக்சசோல் என்னும் தடுப்பு மாத்திரையும், காசநோய் வராமல் காக்கும் மருந்தும் கொடுப்பார்கள். இவை வீண் சுமை என்று எண்ணலாகாது. காவலர்கள் வந்து சேரும்வரை வாயிலை அடைத்து வைக்கும் தாழ்கள் அவை. காசநோய்க்கு ரிபாம்பிசின் உண்போருக்கு டோலுடெக்ராவிரின் வலிமை உடலில் குறைந்துவிடும். அதனால் நாளுக்கு இன்னொரு வேளை அம்மருந்தைச் சேர்த்துத் தருவார்கள். இரண்டு நோய்க்கும் வெவ்வேறு இடத்தில் மருந்து வாங்குவோர், இரண்டு இடத்திலும் இரண்டையும் சொல்லவேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இரண்டொரு சொல் தனியே கூறவேண்டும். வேலை தேடி வந்த இடத்தில் மருந்து தொடங்குவோரும், ஊரில் தொடங்கிவிட்டுப் பிழைப்புக்காக வெளியே வருவோரும் உண்டு. இருவருக்கும் ஆபத்தான காலம் பயணமே. பொங்கலுக்கோ குலதெய்வ வழிபாட்டுக்கோ ஊருக்குப் போனவர், மாத்திரை தீர்ந்தும் தங்கிவிடுகிறார். இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால், அடங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகும், பழகியும் கொள்ளும். புறப்படுமுன் சிகிச்சை மையத்தில் நாட்களைச் சொல்லி, அதற்கேற்ப மருந்து கேட்டுப் பெறவேண்டும். இடம் மாறி நெடுநாள் தங்குவதாயின், ஒரு மையத்திலிருந்து மற்றொரு மையத்துக்கு மாற்றல் சீட்டுப் பெற வழியுண்டு. மாநில எல்லை இதற்குத் தடையன்று; அரசு மையங்கள் எங்கும் மருந்து இலவசமே. சிகிச்சைப் புத்தகத்தை எப்பொழுதும் உடன் வைத்திருக்க வேண்டும். அதில் உள்ள மருந்தின் பெயரும் எண்ணிக்கையும், நமக்குத் தெரியாத மொழி பேசும் மருத்துவருக்கும் நம் வரலாற்றைச் சொல்லிவிடும்.

மொழி தெரியாமையால் காய்ச்சலைச் சொல்லக் கூசி, படுத்துக் கிடப்பவர்கள் உண்டு. இந்தியில் காய்ச்சலுக்கு 'புகார்' என்று பெயர். நம் காதுக்கு அது முறையீடு போல ஒலிக்கும். ஆயினும் டாக்டரிடம் அந்தப் புகாரைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்து தொடங்கி இத்தனை வாரம் ஆயிற்று என்பதையும் விரல் விட்டுக் காட்டினால் போதும். எஞ்சியதை அவர் ஊகித்துக்கொள்வார். 1097 என்ற தொலைபேசி எண்ணை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

நோய் வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்ற அச்சமே பலரை மையத்தின் வாயிலிலிருந்து திருப்பிவிடுகிறது. 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, எச்.ஐ.வி. காரணமாக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதையும், வாடகைக்கு இடம் மறுப்பதையும் தடை செய்கிறது. ஒருவர் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் அது தடுக்கிறது. இன்னொரு செய்தியும் ஆறுதல் தரும். சென்னையும் புனேயும் பங்கு கொண்டு, ஒன்பது நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2011இல் வெளியாயிற்று. தம்பதியருள் கிருமியுடையவர் முன்னதாக மருந்து உண்டால், மற்றவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. கிருமி சோதனைக்குத் தென்படாத அளவில் நிலைத்துவிட்டால், உடலுறவு வழியாகத் தொற்றுவதில்லை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. மருந்து உண்பவர் தம்மைக் காப்பதோடு தம் குடும்பத்தையும் காக்கிறார்.

காவல் இழந்த உடல் ஒரே நாளில் அதை இழந்ததன்று. ஒரே நாளில் மீளப்பெறவும் இயலாது. முதல் மூன்று மாதம் அதற்குச் சோதனைக் காலம். அப்பொழுது வரும் காய்ச்சலைக் கண்டு மாத்திரையை நிறுத்தாமல், மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்பவர், வரும் பல ஆண்டுகளை மற்றவர்களைப் போலவே உழைத்து வாழ்வார். உங்கள் தெருவிலோ தொழிற்கூடத்திலோ அவ்வாறு காய்ச்சலோடு தனித்துக் கிடக்கும் ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால், காரணம் ஏதும் கேளாமல், துணைக்கு உடன் நடந்து மருத்துவமனை வரை கொண்டுபோய் விடுங்கள்.